மீனின் ஒளியுறுப்பை நரம்பு எப்படி ஆள்கிறது: படிப்படியாகச் சோதித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இருட்டறையில் மீன் ஒளிரவில்லை என்பதை வைத்து நரம்பைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் மிட்ஷிப்மேன் மீன் (பொரிக்திஸ் நோட்டேட்டஸ்) இதற்குச் சரியான சாட்சி. கலிஃபோர்னியாவின் தென்கரையில் பிடித்த மீனுக்கு அட்ரினலின் ஊசி போட்டால் வயிற்றுப்புறம் முழுக்க நீலப் பொட்டுகள் எரியும். அதே இனத்தை வடக்கே பியூஜெட் சவுண்டில் பிடித்து அதே ஊசியைப் போட்டால் ஒரு பொட்டும் எரியாது. உறுப்பு இருக்கிறது, வில்லை இருக்கிறது, நரம்பும் இருக்கிறது. இல்லாதது லூசிஃபெரின் என்ற எரிபொருள் மட்டுமே. வார்குலா என்ற சிறு ஓட்டுடலியின் லூசிஃபெரினை உள்ளே செலுத்தியதும் அந்த வடக்கத்தி மீனும் ஒளிர்ந்ததை 1972-இல் சூஜி, பார்ன்ஸ், கேஸ் ஆகியோர் காட்டினார்கள். இந்த மீன் தன் லூசிஃபெரினை இரையிலிருந்துதான் பெறுகிறது.

ஆகவே இங்கே சொல்லும் முறை பின்னாலிருந்து முன்னோக்கிப் போகும்: முதலில் வேதிவினை, பிறகு ஏற்பி (நரம்பு உமிழும் பொருளை உணரும் செல்லின் பகுதி), பிறகு நரம்பு முனை, பிறகு நரம்பும் தண்டுவடமும், கடைசியில் கண்ணும் மூளையும். மூளையிலிருந்து தொடங்குகிறவர்கள் பதில் வராதபோது எங்கே அறுந்தது என்று தெரியாமல் நிற்பார்கள்.

முதலில்: இது எந்த வகை விளக்கு?

மீன்களில் ஒளியுறுப்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஆளும் முறை மூன்று விதம்.

ஒன்று, மீன் தானே ஒளியை உண்டாக்கும் உறுப்பு. மிட்ஷிப்மேன், கோடரி மீன், விளக்கு மீன் ஆகியவை இந்த வகை. ஒளிச்செல்லுக்கு அருகில் பரிவு நரம்பு (தானாக இயங்கும் நரம்பு மண்டலத்தின் ஒரு கிளை) வந்து முடியும். நரம்பு ஏவினால் ஒளி, ஏவாவிட்டால் இருள்.

இரண்டு, பாக்டீரியாவைக் குடிவைத்த உறுப்பு. காரல் மீன்கள், ஃபிளாஷ்லைட் மீன்கள், தூண்டில் மீன்களின் தூண்டில் நுனி எல்லாம் இதில் சேரும். பாக்டீரியா நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். நரம்பு ஒளியைத் தொடுவதில்லை. காரலிலும் ஃபிளாஷ்லைட் மீனிலும் அது திரையை அசைக்கும் தசைக்குத்தான் ஆணை தருகிறது.

மூன்று, விளக்குச் சுறாக்கள். இங்கே ஒளி மீனுடையதுதான், ஆனால் ஆள்வது ஹார்மோன்.

வகையைத் தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. உறுப்பை வெட்டியெடுத்து இருட்டில், உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் வையுங்கள். எந்தத் தூண்டலும் இல்லாமல் நிலையாக ஒளிர்ந்துகொண்டே இருந்தால் பாக்டீரியா என்று முதலில் சந்தேகப்படுங்கள். வெட்டியவுடன் சற்று மின்னிவிட்டு அணைந்துபோனால் அது மீனின் சொந்த ஒளி. அந்த முதல் மின்னல், காயமான செல்களிலிருந்து கசிந்த பொட்டாசியமும் நரம்பு முனைகள் உடைந்து கொட்டிய பொருளும் செய்த வேலை. அதைப் பதிலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நரம்பு வரும் வழி

நேர்பாதை இப்படிப் போகிறது. தண்டுவடத்தில் இருக்கும் முதல் நரம்புச் செல்லின் இழை வெளியே வந்து, முதுகெலும்புக்குப் பக்கத்தில் சங்கிலிபோல் ஓடும் பரிவு நரம்பு முடிச்சை அடைகிறது. அங்கே அசிடைல்கோலின் வழியாகச் செய்தி இரண்டாவது செல்லுக்குக் கைமாறும். இரண்டாவது செல்லின் மெல்லிய இழை, தண்டுவட நரம்போடு ஒட்டிக்கொண்டு தோலுக்கு வந்து, ஒளியுறுப்புக்குள் நுழைந்து, நார்அட்ரினலினையோ அட்ரினலினையோ உமிழ்கிறது. எலும்பு மீன்களின் பரிவு நரம்புகளில் இவை இரண்டும் காணப்படுவதால் சோதனையில் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உறுப்பின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு வெட்டினால் பாதிப் பிழை குறையும். மிட்ஷிப்மேனின் ஒரு பொட்டை எடுத்துக்கொண்டால், வெளிப்பக்கம் வில்லை, அதன் பின்னால் ஒளிச்செல்கள், அவற்றைக் கிண்ணம்போலத் தாங்கும் பிரதிபலிப்பான், அதற்கும் வெளியே கருநிறமி. நரம்பு பின்பக்கத்திலிருந்து வருகிறது. தோலை உரிக்கும்போது அடியில் இருக்கும் இழைமத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தால் நரம்பும் சேர்ந்தே போய்விடும். பொட்டைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் தோலும் அடியில் மெல்லிய திசுப் படலமும் விட்டு எடுங்கள். இந்த மீனில் எழுநூற்றுக்கு மேற்பட்ட பொட்டுகள் கடற்படைச் சட்டைப் பொத்தான்கள்போல வரிசையாக இருக்கின்றன. பெயரே அதனால் வந்ததுதான். ஒரு மீனிலிருந்து எத்தனையோ இணைகள் கிடைக்கும் என்பதால் இந்தத் துறையில் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான மீன் கிடையாது. கிரீன் 1899-இல் இந்த உறுப்புகளை விவரித்த காலம் முதல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இதையே நாடியதற்கு அதுவே காரணம்.

கோடரி மீன் அப்படியல்ல. ஆர்ஜிரோபெலெகஸின் வயிற்றடியில் வரிசையாக நிற்கும் ஒளிக்குழல்களுக்குப் பின்னால் ஒளிச்செல்கள் இருக்கும் பொது அறை இருக்கிறது. ஒற்றைக் குழலை வெட்டியெடுத்து 'ஒரு உறுப்பு' என்று கணக்கு வைத்தால் எண்ணிக்கை பொருளற்றுப் போகும். தொகுதியை முழுசாக எடுங்கள்.

விளக்கு மீனில் வேறொரு சிக்கல். உடலின் ஒளியுறுப்புகளுக்கு மேல் இருக்கும் செதிலே வில்லையாகத் தடித்திருக்கும். வலையில் உராய்ந்து செதில் உதிர்ந்துவிட்டால் ஒளிச்செல் உயிரோடு இருந்தாலும் வெளிவரும் ஒளியின் அளவும் திசையும் மாறிவிடும். செதில் உள்ள உறுப்பையும் இல்லாத உறுப்பையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கரைசலும் கருவியும்

எலும்பு மீன் திசுவுக்கான கரைசல், ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8.77 கிராம் (150 மில்லிமோல்), பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம் (5 மில்லிமோல்), இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 0.37 கிராம் (2.5 மில்லிமோல்), ஆறு நீர் மூலக்கூறு கொண்ட மக்னீசியம் குளோரைடு 0.31 கிராம் (1.5 மில்லிமோல்), பிஹெச்சை நிலைநிறுத்தும் ஹெப்பெஸ் 2.38 கிராம் (10 மில்லிமோல்), குளுக்கோஸ் 0.90 கிராம் (5 மில்லிமோல்). பயன்படுத்தப் போகும் வெப்பநிலையிலேயே பிஹெச் 7.4-க்குக் கொண்டுவாருங்கள். அறை வெப்பத்தில் சரிசெய்துவிட்டுக் குளிரவைத்தால் அளவு நகர்ந்துவிடும். ஹெப்பெஸுக்குப் பதில் பைகார்பனேட் போட்டு வெறும் காற்றைக் குமிழவிட்டால் கரியமில வாயு வெளியேறி பிஹெச் ஏறிக்கொண்டே போகும். ஏறிய பிஹெச் ஒளியையும் மாற்றும்.

அதிகப் பொட்டாசியக் கரைசல் வேண்டுமானால் சோடியம் குளோரைடை முழுக்க நீக்கி, மொத்தப் பொட்டாசியம் குளோரைடை 11.56 கிராமாக (155 மில்லிமோல்) ஏற்றுங்கள். இருக்கும் கரைசலில் உப்பைக் கூடுதலாகக் கொட்டுவது பலர் செய்யும் பிழை. அப்போது சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறி, செல் சுருங்கியதற்கான பதிலையும் நரம்பின் பதிலையும் பிரிக்க முடியாமல் போகும்.

வெப்பநிலை மிட்ஷிப்மேனுக்கு 10 முதல் 15 பாகை செல்சியஸ், ஆழ்கடல் மீனுக்கு அது வாழும் நீரின் அளவு. மத்தியதரைக் கடலின் ஆழ்நீர் சுமார் 13 பாகை என்பதால் மெசினா நீரிணையில் கிடைக்கும் கோடரி மீனுக்கு அதுவே பொருத்தம்.

அட்ரினலின் பைடார்ட்ரேட்டின் மூலக்கூறு எடை 333.3. 33.3 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 10⁻² மோல் இருப்புக் கரைசல் (இனி வரும் மோல் அளவெல்லாம் லிட்டருக்குத்தான்). திசுக் கிண்ணத்தில் 990 மைக்ரோலிட்டர் இருக்க, இதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 10⁻⁴ மோல். புட்டியில் பைடார்ட்ரேட்டா, ஹைட்ரோகுளோரைடா, வெறும் அட்ரினலினா என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள். உப்பின் எடையை மறந்தால் செறிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிழையாகும். கரைசல் அன்றன்று தயாரித்து, பனிக்கட்டியில், படலத்தாள் சுற்றி இருட்டில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு ஏறினால் அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள். அஸ்கார்பிக் அமிலம் சிறிது சேர்த்தால் தாங்கும், ஆனால் அதே அளவு அஸ்கார்பிக் அமிலம் கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் இருக்க வேண்டும்.

ஒளியை அளக்க, மிக மங்கிய ஒளியையும் மின்குறியாக மாற்றும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் உள்ள லூமினோமீட்டர். வழக்கமான நீல-பச்சை உணர்திறன் உள்ள குழாயே போதும், ஏனெனில் இந்த மீன்களின் ஒளி பெரும்பாலும் 470 முதல் 490 நானோமீட்டருக்குள் வருகிறது. தரப்படுத்திய ஒளிமூலம் ஒன்றை வைத்து, எண்களை நொடிக்கு எத்தனை ஃபோட்டான் என்று மாற்றிக்கொண்டால்தான் இரண்டு ஆய்வகங்கள் பேசிக்கொள்ள முடியும். உயர் மின்னழுத்தம் ஓடும்போது மூடியைத் திறந்தால் குழாய் பழுதாகும். அப்படித் திறந்துவிட்டால் அன்றைய பின்னணி எண்களை நம்பாதீர்கள்.

படி 1: மீனை அமைதிப்படுத்துதல், உறுப்பை எடுத்தல்

விலங்கு ஆய்வு அனுமதி கையில் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

மீன்களுக்கு வழக்கமாகத் தரும் மயக்க மருந்து டிரிகெய்ன். அதுவே இங்கே பெரிய பொறி. டிரிகெய்ன் வேலை செய்வதே நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்துத்தான். மயக்கத்தில் இருக்கும் மீனின் தண்டுவடத்தைத் தூண்டிவிட்டு 'பதில் இல்லை' என்று எழுதினால், சோதித்தது மருந்தைத்தான். மயக்கிய பின் விதிப்படி உயிர்நீக்கி, எடுத்த உறுப்பைப் புதிய கரைசலில் மூன்று முறை மாற்றி, அரை மணி நேரமாவது கழுவுங்கள். டிரிகெய்ன் கரைசல் அமிலத்தன்மை கொண்டது என்பதால் பைகார்பனேட்டால் சமன்செய்யாமல் மீனை அதில் விடக் கூடாது. துடிக்கும் மீன் தன் உடம்பிலேயே அட்ரினலினைக் கொட்டிக்கொண்டு, சோதனைக்கு முன்பே ஒளிர்ந்து தீர்ந்துவிடும்.

மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் வெட்டுங்கள். ஒளியுறுப்பு ஒவ்வொன்றும் இடது-வலது இணையாக இருக்கிறது. இடது பக்கத்தது கட்டுப்பாடு, வலது பக்கத்தது சோதனை, அடுத்த மீனில் மாற்றி. இந்த இணைமுறையை விடாதீர்கள். ஒரே உறுப்பில் இரண்டாவது தூண்டலுக்கு ஒளி குறைவாக வருவது இயல்பு. அந்தச் சோர்வை மருந்தின் தடுப்பு என்று படித்துவிடுவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. கழுவிய பின் இருட்டில், பின்னணி எண் நிலைக்கும் வரை காத்திருங்கள்.

படி 2: எரிபொருள் இருக்கிறதா?

நரம்பைத் தொடாமல் வேதிவினையை மட்டும் கேட்கும் கேள்வி இது. மிட்ஷிப்மேனிலும் கோடரி மீனிலும், தனித்தெடுத்த உறுப்பில் 10⁻³ மோல் பொட்டாசியம் சயனைடு ஒளியைத் தூண்டுகிறது. சுவாசத்தை நிறுத்தினால் அணைய வேண்டியதுபோலத் தோன்றும் விளக்கு, உண்மையில் எரிகிறது. செல்லின் சுவாசம் ஒளியை அடக்கிவைத்திருக்கிறது என்ற விளக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. நரம்பு அழிந்த உறுப்பிலும் எரிபொருள் உண்டா இல்லையா என்பதை இது சொல்லிவிடுவதால் இந்தச் சோதனையின் மதிப்பு பெரிது.

சயனைடு உயிர்க்கொல்லி. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். புகைக்கூண்டும் பயிற்சியும் கழிவை அகற்றும் முறையும் இல்லாத இடத்தில் இதை விட்டுவிடுங்கள். சயனைடு கரைசல் காரத்தன்மை உள்ளது என்பதால், அதே பிஹெச்சில் சயனைடு இல்லாத கிண்ணம் ஒன்றும் பக்கத்தில் ஓட வேண்டும்.

ஒளி வரவில்லையா? மேலே போகாதீர்கள். மீனின் உணவையும் பிடித்த இடத்தையும் விசாரியுங்கள். கோடரி மீனும் விளக்கு மீனும் சீலென்டெரசின் என்ற வேறொரு லூசிஃபெரினைப் பயன்படுத்துகின்றன. மிட்ஷிப்மேனுக்கு வார்குலா லூசிஃபெரின். ஒன்றின் எரிபொருளை மற்றொன்றுக்குச் சேர்த்துப் பார்த்துப் பயனில்லை. அத்துடன் சீலென்டெரசின், லூசிஃபெரினை எரிக்கும் நொதியான லூசிஃபெரேஸ் இல்லாமலேயே மெல்ல ஆக்சிஜனேற்றமாகி மங்கலாக ஒளிரும், அது உங்கள் பின்னணியை உயர்த்தும்.

படி 3: ஏற்பி விழித்திருக்கிறதா?

அட்ரினலினை 10⁻⁸ மோலிலிருந்து 10⁻³ மோல் வரை, பத்து மடங்காக ஏற்றுங்கள். ஒரு உறுப்புக்கு ஒரு செறிவு. உறுப்புகள் போதாதவர்கள் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் சோர்வும் கலந்திருக்கும் என்று குறித்துவைக்க வேண்டும். நார்அட்ரினலினுக்கும் இதேதான்.

ஒவ்வொரு பதிவிலும் நான்கு எண்களை எடுங்கள்: மருந்து சேர்த்ததிலிருந்து முதல் ஒளி வரை ஆன நேரம், உச்ச ஒளி, உச்சத்தை அடைய ஆன நேரம், மொத்த ஒளி. உச்சத்தை மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். ஏற்பியைத் தடுக்கும் மருந்து உச்சத்தைக் குறைக்கும். மருந்து மெல்ல ஊடுருவினால் உச்சம் அப்படியே இருக்க, நேரம் மட்டும் நீளும்.

திரையில் ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிப்பெட் நுனி கரைசலைத் தொடும் கணத்தில் சிறு குத்துக்கோடு ஒன்று தெரியும். அது கிண்ணத்தின் மூடி அசைந்ததால் புகுந்த ஒளி. பிறகு கோடு தரையிலேயே ஓடும். இந்த வெற்று இடைவெளியில்தான் அட்ரினலின் தோலைக் கடந்து உள்ளே போகிறது. அதன்பின் கோடு குத்தாக எழாமல் வளைந்து ஏறி, தோள்போல ஒரு மேட்டில் நின்று, ஏறியதைவிட மெதுவாக இறங்கும். மருந்து சேர்த்த அதே நொடியில் உச்சம் வந்தால் அது மீனின் ஒளி அல்ல, மூடி வழியே புகுந்த ஒளி. வெறும் கரைசலை அதே பிப்பெட்டால் சேர்த்துப் பார்த்தால் பத்து நொடியில் உண்மை தெரிந்துவிடும்.

முழு மீனில் இந்தத் தாமதம் இன்னும் நீளம். தோலடியில் ஊசி போட்ட அட்ரினலின் மிட்ஷிப்மேனை ஒளிரவைக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஊசியில் ஒளிர்வதை 1924-இலேயே அறிந்திருந்தார்கள். ஆனால் ஊசியில் ஒளிர்ந்தது என்பதால் மட்டும் நரம்பு என்று முடிவுகட்ட இயலாது. அட்ரினலின் இரத்தத்தில் வரும் ஹார்மோனும்கூட. அதனால்தான் அடுத்த படி.

படி 4: நரம்பு முனை

அதிகப் பொட்டாசியக் கரைசல், உறுப்புக்குள் எஞ்சியிருக்கும் நரம்பு முனைகளை முனைவிழக்கச் செய்து (சவ்வின் மின்னழுத்த வேறுபாட்டைக் குறைத்து) அவற்றின் சரக்கைக் கொட்டவைக்கும். கிண்ணத்தின் கரைசலை முழுக்க மாற்றி இதை ஊற்றுங்கள். ஒளி வந்தால் கேள்வி ஒன்று பாக்கி: பொட்டாசியம் நரம்பு முனையைத் தொட்டதா, ஒளிச்செல்லையே நேராகத் தொட்டதா?

பிரித்தறிய, இணையின் ஒரு உறுப்பை, அட்ரினலினின் ஆல்ஃபா வகை ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமைன் 10⁻⁵ மோலில் இருபது நிமிடம் ஊறவைத்துவிட்டு அதே பொட்டாசியத்தைக் கொடுங்கள். ஆல்ஃபா வகை ஏற்பி அடைபட்டதும் ஒளியும் போய்விட்டால், பொட்டாசியம் நரம்பு முனை வழியாகவே பேசியது. ஒளி அப்படியே வந்தால் செல்லையே தொட்டது. பீட்டா வகைக்கு புரோப்ரனலால் அதே செறிவில். அதிகச் செறிவில் புரோப்ரனலால் சோடியம் வாயில்களையும் அடைக்கும், ஆகவே 10⁻⁴ மோலில் கிடைத்த 'தடுப்பை' நம்பாதீர்கள்.

கால்சியம் இல்லாத கரைசலிலும் ஒருமுறை செய்யுங்கள். நரம்பு முனை சரக்கை உமிழ வெளிக் கால்சியம் தேவை. கால்சியம் இல்லாதபோது பொட்டாசியத்துக்கு ஒளி வராமல், அதே கரைசலில் அட்ரினலினுக்கு மட்டும் வந்தால் நரம்பு முனைக்கு வலுவான சான்று. இரண்டுக்குமே வராவிட்டால் ஒளிச்செல்லுக்கும் கால்சியம் தேவையாக இருக்கலாம், அந்தச் சோதனை முடிவு தராது.

கோடரி மீனில் இந்த இடத்தில் இன்னொருவர் குறுக்கே வருகிறார்: நைட்ரிக் ஆக்சைடு. அட்ரினலின் தூண்டும் ஒளியின் அளவை அது மாற்றியமைக்கிறது. ஒரே மருந்துக்கு மீனுக்கு மீன் பதில் பெரிதும் வேறுபட்டால், சராசரி எடுத்து மூடிவிடாமல் ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள்.

படி 5: மின்தூண்டல்

தோல் பட்டையை அதன் தண்டுவட நரம்போடு சேர்த்து எடுத்து, நரம்பை இரட்டை மின்முனையில் தூக்கிவையுங்கள். பரிவு இழைகள் மெல்லியவை, உறையில்லாதவை. தசை நரம்புக்குப் போதுமான குறுகிய துடிப்பு இவற்றுக்குப் போதாது. ஒன்று அல்லது இரண்டு மில்லிநொடி அகலத் துடிப்பு, நொடிக்குப் பத்து, ஐந்து நொடித் தொடர், இதிலிருந்து தொடங்கி மின்னழுத்தத்தை ஏற்றுங்கள். ஒற்றைத் துடிப்புக்கு ஒன்றும் நடக்காவிட்டால் திகைக்காதீர்கள். இந்த உறுப்பு தொடரைக் கூட்டிக்கொண்டு ஏறும் வகை. அதிர்வெண்ணை 1, 2, 5, 10, 20 என்று மாற்றி வரைபடம் போட்டால் அந்தக் கூட்டல் தெரியும். ஒரே திசையில் நேர்மின்சாரம் விட்டால் மின்முனையில் குமிழி எழுந்து நரம்பு கருகும், இருதிசைத் துடிப்பே பாதுகாப்பு.

இங்கே மூன்று போலிகள் உண்டு. தூண்டுக் கருவியின் மின்னலை ஒளி என்று குழாய் பதிவு செய்வது முதல் போலி: கிண்ணத்தைக் கறுப்பு மூடியால் மூடிவிட்டு ஒருமுறை தூண்டிப் பாருங்கள், அப்போதும் கோடு எழுந்தால் அது மின்சாரம். இரண்டாவது, தோலடித் தசை துடித்து உறுப்பையே திருப்பிவிடுவது: டியூபோகுராரின் 10⁻⁵ மோல் போட்டுத் தசையை முடக்கலாம். ஆனால் அது பரிவு முடிச்சின் ஏற்பியையும் தொடக்கூடியது, முடிச்சுக்கு முன்னால் தூண்டும் சோதனையில் வேண்டாம். மூன்றாவது, மின்புலம் நரம்பைத் தாண்டி உறுப்புக்கே கசிவது: நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கும் நஞ்சான டெட்ரோடோடாக்சின் 10⁻⁶ மோலில் நரம்பின் பதில் மறைய வேண்டும், அட்ரினலினின் பதில் மாறாமல் வர வேண்டும். இரண்டு பதிலும் மறையாமல் வந்தால் நீங்கள் நரம்பைத் தூண்டவே இல்லை.

பரிவு முடிச்சு வழியில் இருக்கிறதா என்பதை, முடிச்சில் செய்தி கைமாறுவதைத் தடுக்கும் ஹெக்ஸாமெத்தோனியம் 10⁻⁴ மோல் சொல்லும். தண்டுவடத்தைத் தூண்டும்போது ஒளி மறைந்து, முடிச்சுக்குப் பிந்தைய நரம்பைத் தூண்டும்போது வந்தால் முடிச்சு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில். மிட்ஷிப்மேனில் தண்டுவடத் தூண்டலால் ஒளி வரும் என்பதை நிக்கல் 1957-இல் விவரித்தார். தனித்தெடுத்த உறுப்பின் தூண்டலை பாகெட்டும் கேஸும் 1971-இல் ஆராய்ந்தார்கள். இரண்டையும் ஒரே மீனில் செய்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: உயிர்நீக்கும்போது தண்டுவடத்துக்குள் கம்பி செலுத்தினால் சோதிக்க வேண்டிய கருவியையே அழித்துவிட்டீர்கள்.

விளக்கு மீனை வைத்துச் செய்பவர்கள் உடல் உறுப்பையும் வால் சுரப்பியையும் தனித்தனியாகத் தூண்ட வேண்டும். வால் சுரப்பி குறுகிய, பளிச்சென்ற மின்னல். வயிற்று உறுப்பு ஏறி இறங்கும் நிலை ஒளி. ஒரே மீனில் இரண்டு வேகம்.

நரம்பே பதில் சொல்லாத மீன்: விளக்குச் சுறா

மேற்சொன்ன படிகளை எட்மோப்டெரஸ் ஸ்பைனாக்ஸின் தோலில் செய்தால் மூன்றாம் படியிலேயே சுவர். அட்ரினலினுக்கு ஒளி இல்லை. திசு இறந்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம், மெலடோனின் கொடுங்கள். கிளாஸும் மாலெஃபெட்டும் 2009-இல் காட்டியதுபோல மெலடோனினும் புரோலாக்டினும் இதை ஏற்றுகின்றன, ஆல்ஃபா மெலனோசைட் தூண்டு ஹார்மோன் அணைக்கிறது. மெலடோனின் ஒளி மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும், புரோலாக்டின் ஒளி விரைவாக ஏறி விரைவாக இறங்கும். பத்து நிமிடத்தில் பதிவை நிறுத்திவிட்டால் மெலடோனினின் பதிலைப் பார்க்கவே மாட்டீர்கள். உறுப்பின் முன்னால் இருக்கும் நிறமிச் செல்கள் கண்ணின் பாவைபோல விரிந்து சுருங்கி ஒளியை விடுகின்றன, மறைக்கின்றன.

எலும்பு மீனின் கரைசலில் சுறாத் தோலைப் போடக் கூடாது. சுறாவின் இரத்தத்தில் யூரியா நிறைய இருக்கிறது. லிட்டருக்கு 300 மில்லிமோல் அளவில் யூரியாவும், அத்துடன் டிரைமெத்தில்அமைன் ஆக்சைடும் சேர்த்து மொத்தம் சுமார் 1000 மில்லியாஸ்மோலுக்குக் கொண்டுவந்தால்தான் செல் வீங்கி வெடிக்காது.

திரை போட்ட விளக்குகள்

காரல் மீனின் ஒளியுறுப்பு உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக இருக்கிறது. பாக்டீரியாவின் ஒளி, பளபளக்கும் காற்றுப்பையில் பட்டு, கண்ணாடிபோன்ற தசை வழியாகக் கீழே பரவுகிறது. உறுப்பின் மேலிருக்கும் திரைகளைத் தசை இழுக்கிறது. ஃபிளாஷ்லைட் மீன்களில் ஃபோட்டோபிளெஃபரான் கண்ணுக்குக் கீழிருக்கும் உறுப்பின்மேல் கறுப்பு இமையை ஏற்றி மூடும். அனோமலாப்ஸ் உறுப்பையே உள்நோக்கிப் புரட்டிவிடும். இங்கே ஃபோட்டோமல்டிப்ளையர் எண்ணை நரம்பின் அளவாகக் கொள்ள முடியாது. அகச்சிவப்பு விளக்கில் வேகமான கேமராவால் திரையின் அசைவையே அளங்கள், ஒளியைத் தனியாக அளங்கள். அசைவு சரியாக இருந்து ஒளி மட்டும் மங்கினால், குறை பாக்டீரியாவில். அதற்கு ஆக்சிஜன் தேவை, தேங்கிய கரைசலில் அது மங்கிவிடும்.

படி 6: கண்ணிலிருந்து வயிறு வரை

வேதிவினை, ஏற்பி, முனை, நரம்பு எல்லாம் தேறிய பிறகே முழு மீன். வயிற்றொளியின் வேலை, மேலிருந்து வரும் மங்கிய வெளிச்சத்தில் மீனின் நிழலை அழிப்பது. எனவே தூண்டல் மேலிருந்து விழும் நீல ஒளியாக, 470 முதல் 490 நானோமீட்டரில், படிப்படியாக ஏற்றி இறக்கும் வசதியோடு இருக்க வேண்டும். அளக்கும் குழாய் கீழிருந்து மேல்நோக்கி. மேல்விளக்கின் ஒளி நேராகக் குழாய்க்கு வந்தால் கணக்கு கெடும். ஆகவே மேல்விளக்கைச் சுழலும் தட்டால் மறைத்து மறைத்து விட்டு, அது மறைந்திருக்கும் இடைவெளியில் மட்டும் மீனின் ஒளியைப் படியுங்கள். தட்டின் வேகம் மீனின் கண் பிரித்துணர முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மீன் மினுக்கத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கும்.

சில மீன்களில் ஒரு சிறு ஒளியுறுப்பு கண்ணுக்குள்ளேயே ஒளியைக் காட்டும்படி அமைந்திருக்கிறது. தன் விளக்கையும் மேலே தெரியும் கடலையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவுகிறது என்பது நல்ல கருத்து. சோதிக்க வேண்டுமானால் அந்த ஒன்றை மட்டும் கறுப்புப் பசையால் மூடி, இணையாக வேறோர் உறுப்பை அதே பசையால் மூடிய மீனை வைத்துக்கொள்ளுங்கள். பசை போடும் பிடியே மீனைப் பதறவைத்து ஒளியைக் கிளப்பும் என்பதால், இரண்டு மீன்களையும் பின்னணி எண் தரைக்கு வரும்வரை இருட்டில் விட்ட பிறகே மேல்விளக்கைப் போடுங்கள்.